பொம்மைக் காடியைப் பிரிச்சு அடுக்குறதா, அட்டையோடயே வைக்கிறதா?

தகரக்காடி (சுங்கை சிப்புட்)

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு முடிவு சொல்லுங்க. தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்தாச்சு. ஹால்ல ஒரு சுவர் முழுசும் எனக்குன்னு கெடைச்சிருக்கு. வீட்டுக்காரம்மா வாயால சொன்னது, மனசு மாறுறதுக்குள்ள அலமாரி அடிச்சாகணும். என்கிட்ட இருக்கிறதெல்லாம் பொம்மைக் காடி (கார்): ஹாட் வீல்ஸ் அட்டையோட ஒரு குவியல், பெட்டியோட தோமிக்கா, லூசா கொஞ்சம் பழைய மேட்ச்பாக்ஸ், அப்புறம் 1:18 (அசல் காரில 18-ல ஒரு பங்கு அளவு) பெரிய காடி நாலஞ்சு. இத்தனை வருசமா எல்லாம் மைலோ பெட்டிக்குள்ள, கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு.

ஈப்போவில காடி விக்கிற ஒருத்தர், "அட்டையைக் கிழிச்சா வெலையும் கிழிஞ்சது"ங்கிறார். மச்சான்காரன், "கண்ணுல படாத காடி உன்கிட்ட இருந்தா என்னா, கடையில இருந்தா என்னா?"ங்கிறான். ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது, அதான் சிக்கல்.

பெட்டிபிரிக்காதவன் (கூலிம்)

தம்பி, பிரிக்காதீங்க. பிரிக்கணும்னு தோணுச்சுன்னா அடுத்த வருசமும் பிரிக்கலாம், பத்து வருசம் கழிச்சும் பிரிக்கலாம். பிரிச்சதை மூட மட்டும் எந்த வருசத்திலயும் முடியாது.

வெலையை விடுங்க. சாட்சின்னு ஒண்ணு இருக்கு. ஹாட் வீல்ஸ் 1995-ல ட்ரெஷர் ஹண்ட்னு கொஞ்சமா மட்டும் விடுற அபூர்வக் காடி ஆரம்பிச்சான், 2007-லேர்ந்து சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் தனியா வருது. சூப்பருக்கு ரப்பர் டயர், மினுங்குற பெயின்ட். இப்ப என்னா நடக்குது? சாதாரண காடிக்கு டயர் மாத்தி, பெயின்ட் அடிச்சு, "லூஸ் சூப்பர்"னு போட்டு விக்கிறானுங்க. போட்டோவைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அட்டை உடையாம இருந்தா அந்தப் பேச்சுக்கே எடமில்ல. நான் அட்டையைக் காப்பாத்துறது காசுக்கு மட்டுமில்ல, உள்ள இருக்கிறது அசல்தான்னு அது ஒண்ணுதான் சொல்லுது.

சிவப்புச்சக்கரம் (பீடோர்)

வெளாட வாங்குறது. வெளாடுங்க. முடிஞ்சது கதை.

கிராணிவீட்டுப்பிள்ளை (கோலகங்சார்)

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது எழுபதை நெருங்குகிறது, எழுத்து கொஞ்சம் பழைய பாணியில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பனார் ரப்பர் தோட்டத்தில் கிராணி (குமாஸ்தா). வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பங்களாவிலிருந்து பழைய சாமான்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் டிங்கி பொம்மை வண்டிகள் இருந்தன, சில போருக்கு முந்தியவை. லிவர்பூலில் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் செய்தவை. 1979-இல் அந்தத் தொழிற்சாலையே மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு பங்கு, பக்கத்து வீட்டு மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) வீட்டுக்கு ஒரு பங்கு.

நான் என் பங்கை லயத்து வாசலில் செம்மண்ணில் ஓட்டித் தேய்த்தேன். மண்டோர் வீட்டம்மா அவர்கள் பங்கைத் துணியில் சுற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிள்ளைகள் கேட்டால் அடிதான் கிடைக்கும். பல வருடங்கள் கழித்து அவர்கள் வீடு காலி செய்தபோது அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு வண்டி நடுவில் வளைந்து, உடம்பெல்லாம் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. கையில் எடுத்ததும் மட்கார்டு உதிர்ந்தது. பெயின்ட் மட்டும் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. என் வண்டிகளில் பெயின்டே கிடையாது, ஆனால் இன்றைக்கும் உருளும்.

ஆகவே தம்பி, பெட்டிக்குள் இருந்தால் பத்திரம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

பெட்டிபிரிக்காதவன்

அங்கிள், தகரப்பெட்டியில துணி சுத்தி வெச்சதையும் அசல் பெட்டியில வெச்சதையும் ஒண்ணா பேசக்கூடாது லா.

ஆலைஆய்வகம் (தெலுக் இந்தான்)

நான் செம்பனை ஆலை ஆய்வகத்தில வேலை செய்றவன். உலோகம் என் பாடம் இல்ல, ஆனா அங்கிள் சொன்ன வெடிப்புக்குக் காரணம் துணியும் இல்ல, பெட்டியும் இல்ல. அங்கிள் ஓட்டினதால அவர் வண்டி பொழைக்கவும் இல்ல.

இந்தக் காடியெல்லாம் துத்தநாகக் கலவையில வார்க்கிறது. துத்தநாகத்தோட அலுமினியம் 4 விழுக்காடு அளவுக்கு, கொஞ்சம் செம்பு, துளி மக்னீசியம். கலவை சுத்தமா இருந்தா நூறு வருசம் நிக்கும். வார்க்கிற எடத்துல ஈயமோ தகரமோ துளி கலந்துட்டா, உலோகத்தோட மணிகளுக்கு இடையில அரிக்க ஆரம்பிக்கும். அரிச்ச எடம் ஊதும், அதனாலதான் வளையுது, வெடிக்குது. சேகரிக்கிறவங்க இதை துத்தநாக நோய்னு சொல்வாங்க. போருக்கு முந்தின டிங்கியில இது அதிகம். வார்த்த அன்னிக்கே தலையெழுத்து எழுதியாச்சு. மண்டோர் வீட்டுப் பங்குல கெட்ட கலவை போயிருக்கு, அங்கிள் பங்குல நல்ல கலவை வந்திருக்கு. அவ்வளவுதான்.

ஆனா ஒரு விசயம் இருக்கு. சூடும் ஈரமும் அந்த அரிப்பை வேகமாக்கும். நம்ம ஊர்ல ஈரப்பதம் சராசரியா 80 விழுக்காட்டை ஒட்டியே நிக்குது. மூடின தகரப்பெட்டிக்குள்ள ஈரம் போயிட்டா வெளிய வர வழியில்ல. அதனால பெட்டி அந்த வண்டியைக் கொல்லல, காப்பாத்தவும் இல்ல, சாவைக் கொஞ்சம் முன்னால கொண்டாந்திருக்கலாம்.

இந்த நோய்க்கு மருந்து கெடையாது. வெடிப்பு தெரிஞ்ச காடியைக் குறைஞ்ச வெலைக்குக் கெடைக்குதேன்னு யாரும் வாங்காதீங்க.

தகரக்காடி

அண்ணே இது புதுசா வர்ற காடிக்கும் வருமா? எனக்கு வயித்தைக் கலக்குது.

ஆலைஆய்வகம்

வரக்கூடாதுன்னு இல்ல, வந்தும் இருக்கு. ஆனா பயந்து சாக வேண்டாம். புது காடிக்கு நம்ம ஊர்ல வேற எதிரி இருக்கு, அதைச் சொல்றேன்.

1:18 காடியில டயர் மெத்துனு இருக்கும் பாருங்க. அந்த மெதுவைக் கொடுக்கிற எண்ணெய் மாதிரி ஒரு பொருள் வருசக்கணக்குல மெல்ல கசியும். காடி எந்த பிளாஸ்டிக் மேல நிக்குதோ அதை இளக்கிடும். பெட்டியில ஸ்க்ரூ போட்டு முடுக்கின மேடையிலயே பல வருசம் நின்ன காடியை எடுத்துப் பாருங்க, டயர் நின்ன எடத்துல நாலு பள்ளம், டயர்ல ஒட்டு. அதனால காடியோட அடித்தட்டுக்குக் கீழ சின்னக் கட்டை கொடுத்து, டயர் தரையைத் தொடாம ஒரு மயிரிழை தூக்கி வையுங்க. பெட்டியில வெச்சாலும் இதைச் செய்யணும், அலமாரியில வெச்சாலும் செய்யணும்.

அப்புறம் பெயின்ட் கொப்புளம். என்கிட்ட ஒரு 1:18, கம்பெனி பேர் வேண்டாம், வாங்கின நாள்லேர்ந்து பெட்டியை விட்டு எடுத்ததே இல்ல. போன வருசம் திறந்தா பானெட் மேல வேர்க்குரு மாதிரி கொப்புளம். நுரைப்பெட்டிக்குள்ள, மேல பிளாஸ்டிக் தாள் ஒட்டினபடி, காத்துப் போக்குவரத்து இல்லாம ஈரத்துல வெந்திருக்கு. அதே மாடலை வெளிய வெச்சிருக்கிற கூட்டாளிக்கு ஒண்ணும் ஆகல.

நீலமயில் (சுங்கை சிப்புட்)

அண்ணன்மார் எல்லாம் வேதியியல் பேசுறீங்க. நம்ம வீடு எப்படி இருக்கும்னு யாராவது யோசிச்சீங்களா?

முதல்ல சாம்பிராணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க மாமியார் வீடு முழுக்கத் தூபம் காட்டுவாங்க. அந்தப் புகை தூசி மாதிரி இல்ல, எண்ணெய்ப் பிசுக்கு. திறந்த அலமாரியில வெள்ளைக் காடி வெச்சா சில மாசத்துல பால் டீ நிறத்துக்கு வந்துரும். ரெண்டாவது, செம்பனைக் குலை ஏத்திட்டு லோரி போற ரோட்டோரம் வீடு இருந்தா புழுதி கேக்கவே வேணாம். மூணாவது பல்லி. பல்லி எச்சம் பெயின்ட் மேல காஞ்சா கறை நிக்கும். நாலாவது, புகைமூட்டம் வர்ற வருசம். 2015-ல ஜன்னலைச் சாத்தி வெச்சும் உள்ள வந்துச்சு.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. தீபாவளி. பத்து மணிக்கு மேல ஒரு குடும்பம் போகப் போக அடுத்த குடும்பம் வரும். ஒவ்வொரு குடும்பத்திலயும் நாலு வயசுப் பொடியன் ஒருத்தன். ஷோகேஸ் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்பான். அவன் அம்மா, "ஆண்ட்டி எடுத்துத் தருவாங்கடா"ன்னு அவங்களே முடிவு பண்ணிருவாங்க. நீங்க மாட்டேன்னு சொல்லிப் பாருங்க, அடுத்த கல்யாண வீடு வரைக்கும் அந்தப் பேச்சு ஓடும்!

நான் என்னா செய்றேன்னா, அலமாரிக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் கூடை. பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) வாங்கின காடி, சக்கரம் கழண்டது, ரெட்டையா இருக்கிறது, எல்லாம் அதுல. பிள்ளைங்க வந்தா கூடையை ஹால் நடுவுல கவுத்து விட்டுருவேன். மேல இருக்கிறதைப் பத்தி எவனும் கேக்கிறதில்ல. போகும்போது ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போன்னும் சொல்லிருவேன். அலமாரி எப்பவும் பூட்டியே இருக்கும்.

காடியைப் பிரிக்கிறதைப் பத்திக் கேட்டீங்க. எல்லாப் பெட்டியும் ஒண்ணு இல்ல தம்பி. தோமிக்கா பெட்டி மடிச்ச அட்டை, மேல் மடிப்பைத் திறந்து காடியை எடுத்துட்டு பெட்டியைத் தட்டையா மடிச்சு வெக்கலாம். பிறகு வேணும்னா திரும்பப் போடலாம், யாருக்கும் தெரியாது. அதைப் பிரிக்கிறதுக்கு இவ்வளவு யோசனை எதுக்கு? ஹாட் வீல்ஸ் அட்டைதான் ஒரு வழிப்பாதை. நீங்க ரெண்டையும் ஒரே கேள்வியில போட்டதாலதான் குழப்பம்.

தகரக்காடி

அக்கா! நீங்களும் சிப்புட்டா? தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வரணும் போல இருக்கே. கூடை ஐடியா எடுத்துக்கிட்டேன்.

பெட்டிபிரிக்காதவன்

அக்கா சொன்ன தோமிக்கா விசயத்தை ஒத்துக்கிறேன். ஆனா பெட்டி சும்மா அட்டைன்னு யாரும் நெனைக்காதீங்க. மேட்ச்பாக்ஸ் எப்படிப் பொறந்துச்சு? லெஸ்னி கம்பெனி பங்காளி ஜாக் ஒடெல் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வெளாட்டுச் சாமான் கொண்டு போகணும்னா தீப்பெட்டிக்குள்ள அடங்குறதாத்தான் இருக்கணும். அப்பங்காரன் அந்த அளவுக்கு ஒரு ரோட்ரோலர் செஞ்சு கொடுத்தார். அதை வெச்சுத்தான் 1953-ல கடைக்கே வந்துச்சு. பெட்டிக்காகத்தான் காடியே செஞ்சாங்க!

கோர்கி கம்பெனியை எடுத்துக்குங்க. 1965-ல விட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, பட்டனை அமுக்கினா கூரை திறந்து உள்ள இருக்கிற ஆள் மேல பறப்பான். அந்தப் பெட்டிக்குள்ள ஒட்டின உறை ஒண்ணு, அதுக்குள்ள இன்னொரு ஆள் பொம்மை. பெட்டியைத் தூக்கிப் போட்டவன் பாதிப் பொருளைத் தூக்கிப் போட்டான்.

பிறைக்காரி (பட்டர்வொர்த்)

நான் இவ்வளவு நேரம் சும்மா படிச்சிக்கிட்டு இருந்தேன். எங்கம்மா பிறையில ஹாட் வீல்ஸ் ஆலையில லைன்ல வேலை செஞ்சவங்க. உங்க காடியைத் திருப்பி அடித்தட்டைப் பாருங்க, பழசுல "மலேசியா"ன்னு இருக்கும். எண்பதுகள்லேர்ந்து வந்ததுல ஏகப்பட்டது இங்க வார்த்ததுதான். அமெரிக்காவில உக்காந்துக்கிட்டு அட்டையைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் கும்பிடுறாங்களே, அதை மூடினது எங்கம்மா மாதிரி ஆளுங்க கை.

அம்மாகிட்ட இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அட்டை ஒட்டுற மெசின் பத்திக் கேட்டா, பிளாஸ்டிக் குமிழுக்குள்ள காடியைக் கவுத்துப் போட்டு, மேல அட்டையை வெச்சு, சூட்டுல அமுக்குறது, அவ்வளவுதான்ங்கிறாங்க. காடியைப் பத்திக் கேட்டா பேச்சே நிக்க மாட்டேங்குது. கதவுல இருக்கிற நம்பர், கோடு எல்லாம் மெத்துன்னு ஒரு சிலிக்கான் உருண்டை மை எடுத்து வந்து ஒத்தி எடுக்குறது. உருண்டை தேஞ்சா எழுத்து ஒரு பக்கம் நழுவும், அதைக் கண்ணால பார்த்துத் தள்ளணும். அடித்தட்டைச் சேக்குறது ஸ்க்ரூ இல்ல, உடம்போட சேர்த்து வார்த்த சின்னத் தூணை அமுக்கி நசுக்குறது. "நாங்க பார்த்துப் பார்த்து செஞ்சது காடி. அட்டை கடைக்குப் போறதுக்கு"ன்னாங்க. இது அவங்க தீர்ப்பு, என்னை அடிக்காதீங்க பெட்டி அண்ணே.

பெட்டிபிரிக்காதவன்

அம்மாவுக்கு என் வணக்கம். அவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச எனக்கு ஏது தைரியம்.

ஆனா நான் சும்மா விடமாட்டேன். அவங்க காடியை அவங்க மூடின மாதிரியே வெச்சிருக்கிறவன் நான்தானே?

கிராணிவீட்டுப்பிள்ளை

ஹாட் வீல்ஸ் சேகரிப்பாளர்களிடையே மிக அதிக விலை பேசப்படுவது எது தெரியுமா? 1969-இல் செய்த இளஞ்சிவப்பு பீச் பாம் வேன், பின்பக்கக் கண்ணாடி வழியாக அலைச்சறுக்குப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரி. சோதனைக்குச் செய்தது. ஒடுக்கமாகவும் தலை கனத்தும் இருந்ததால் காடியை வேகமாகத் தள்ளும் கருவியில் அது சரியாக ஓடவில்லை. அதனால் பக்கவாட்டில் பலகை வைத்து, அகலப்படுத்தி, வேறு மாதிரி செய்துதான் கடைக்கு அனுப்பினார்கள். அந்த முதல் வேன் கடைக்கே போகவில்லை, ஆகவே அதற்கு அட்டையே கிடையாது. லட்சம் டாலருக்கு மேல் மதிப்புச் சொல்கிறார்கள்.

பெட்டிபிரிக்காதவன்

அங்கிள், அது உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற பொருள். தம்பிகிட்ட இருக்கிறது பத்து வெள்ளிக்குள்ள மினிமார்க்கெட்ல தொங்கினது. அபூர்வம் இல்லாத பொருளுக்கு அட்டைதான் கொஞ்சமாவது மதிப்பு சேக்கும்.

ஆலைஆய்வகம்

இங்கதான் எனக்கு ஒத்து வரல. பத்து வெள்ளிக் காடி அட்டையோட இருபது வருசம் கழிச்சு என்னா வெலை போகும்? எல்லாரும் அட்டையோட வெச்சிருக்காங்க, அதனால எல்லார்கிட்டயும் இருக்கும். பழைய மேட்ச்பாக்ஸ் பெட்டியோட ஏன் வெலை போகுது? அந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாம் பெட்டியைக் கிழிச்சுப் போட்டதால. நீங்க எல்லாரும் சேர்ந்து காப்பாத்தக் காப்பாத்த, காப்பாத்துறதுக்கு மதிப்பு கொறையும்.

இன்னொண்ணு, அட்டையும் சாகும். நம்ம ஈரத்துல அட்டை வாழை மட்டை மாதிரி வளையும், வெள்ளிப்பூச்சி ஓரத்தைச் சுரண்டும், குமிழ் மஞ்சளாகும். கரையான் ஏறினா ஒரு ராத்திரிதான். மைலோ பெட்டியில வெச்சிருக்கேன்னு தம்பி சொன்னதும் எனக்குப் பகீர்னு ஆச்சு. அட்டைப்பெட்டியைத் தரையில வெக்கிறதும் கரையானுக்கு இலை போடுறதும் ஒண்ணுதான்.

சிவப்புச்சக்கரம்

அதான் நான் மூணே வரியில சொன்னேன்.

தகரக்காடி

சரி அண்ணே, அலமாரிக்கு வருவோம். கண்ணாடிக் கடைக்காரர் அளவு எடுத்துட்டுப் போயிட்டார். சுவர் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ல இருக்கு. உள்ள எல்இடி போடலாமா? பலகை எது நல்லது?

ஆலைஆய்வகம்

முதல் கேள்வியிலயே வெடி வெச்சிட்டீங்க. மேற்கு வெயில் நேரா அடிச்சா சிவப்பும் இளஞ்சிவப்பும்தான் முதல்ல வெளுக்கும். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்க, இல்லாட்டி வேற சுவர் கேளுங்க. (வேற சுவர் கெடைக்காதுன்னு தெரியும்.) எல்இடி போடலாம், அதுக்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் பெட்டி சூடாகும், அதை அலமாரிக்கு வெளிய வெக்கச் சொல்லுங்க. ஆள் இல்லாதப்ப அணைச்சிருங்க.

பலகை விசயம் யாரும் பேசுறதில்ல. அமுக்கின மரத்தூள் பலகையிலேர்ந்து புளிப்பு ஆவி வந்துக்கிட்டே இருக்கும், மூடின அலமாரிக்குள்ள அது தங்கும். பெயின்ட் இல்லாத துத்தநாக அடித்தட்டு அதுல வெள்ளை பூக்கும். அலுமினியச் சட்டமும் கண்ணாடித் தட்டும் போட்டா இந்தத் தொல்லையே இல்ல. கண்ணாடி ஒட்டுற சிலிக்கான்லயும் கவனம். சாதாரண சிலிக்கான் காயும்போது வினிகர் வாசம் வரும், அதுவும் அதே புளிப்பு ஆவிதான். வாசம் வராத வகை கடையில இருக்கு, அதைப் போடச் சொல்லுங்க. பழைய வகையைத்தான் போட்டுட்டார்னா, கதவைத் திறந்து போட்டு வாசம் சுத்தமா போன பிறகு காடியை ஏத்துங்க.

சிலிக்கா ஜெல் நெறம் மாறுற வகையா வாங்கி ஒவ்வொரு தட்டுலயும் மூலையில வையுங்க. ஈரம் குடிச்சா நெறம் மாறும், அடுப்புல மெல்ல சூடு காட்டினா திரும்பவும் வேலை செய்யும். பத்து வெள்ளிக்கு ஈரமானி விக்குது, ஒண்ணு உள்ள வெச்சிருங்க. 50 விழுக்காட்டைச் சுத்தி நின்னா போதும். ஒரேயடியா காய வெச்சாலும் அட்டை விறைச்சுப் போகும்.

நீலமயில்

கதவு ஓரத்துக்கு ரப்பர் பட்டை கேட்டு வாங்குங்க தம்பி, இழுக்கிற கண்ணாடிக்கு நடுவுல இருக்கிற இடுக்குலதான் சாம்பிராணி நுழையும். தொடைக்கிறதுக்கு மேக்கப் பிரஷ், பிசுக்கு இருந்தா ஈரத்தைப் பிழிஞ்ச கண்ணாடித் துணி. தின்னர், நகப்பூச்சு அழிக்கிறது எதையும் கிட்ட கொண்டு போயிராதீங்க, பிறைக்காரி அம்மா ஒத்தி எடுத்த நம்பரெல்லாம் துணியோட வந்துரும்.

தகரக்காடி

அப்ப இப்படி வெச்சுக்கிறேன். தோமிக்கா எல்லாம் வெளிய, பெட்டியைத் தட்டையா மடிச்சு உறையில. மேட்ச்பாக்ஸ் லூசு, அது அலமாரிக்கே. 1:18 கட்டை வெச்சு கீழ்த்தட்டுல. ஹாட் வீல்ஸ்ல ரெண்டு ரெண்டா இருக்கிறதுல ஒண்ணைப் பிரிக்கிறேன். ஒண்ணே ஒண்ணு இருக்கிறதுல எனக்குப் புடிச்ச காடியையும் பிரிக்கப் போறேன், பெட்டி அண்ணன் திட்டினாலும் பரவாயில்ல. மிச்சம் அட்டையோட பிளாஸ்டிக் டப்பாவுல, தரையில இல்ல.

பிரிக்கிறதுக்கு வழி இருக்கா? அட்டைப் படம் நல்லா இருக்கு, கிழிக்க மனசில்ல.

பெட்டிபிரிக்காதவன்

திட்டமாட்டேன், சொல்லித் தர்றேன். குமிழோட கீழ் ஓரத்துல, அட்டையும் பிளாஸ்டிக்கும் சேர்ற எடத்துல, புது பிளேடால மெல்ல ஒரு பக்கம் மட்டும் அறுங்க. காடியைக் கீழ வழுக்கி எடுத்துரலாம். அட்டையும் குமிழும் முழுசா நிக்கும், பின்னால சுவர்ல மாட்டி முன்னால காடியை வெக்கலாம். பிளேடை உங்க பக்கம் இழுக்காதீங்க.

பிரிக்கிறதுக்கு முன்னால அட்டையைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க. அதுல ட்ரெஷர் ஹண்ட் ஏதும் இருந்தா, ஒரே சீரிஸ்ல எனக்கு ரெட்டையா இருக்கிறதுல நாலு தர்றேன், அந்த ஒண்ணை மட்டும் எனக்கு அப்படியே விட்டுருங்க.

பிறைக்காரி

இதுக்குத்தான் அண்ணே இவ்வளவு நேரம் பிரிக்காத பிரிக்காதன்னீங்களா?

பெட்டிபிரிக்காதவன்

வெள்ளிக்கிழமை சிப்புட் பக்கம் வேலை இருக்கு தம்பி, பாசார் மாலாம்ல பார்க்கலாம். நாலு இல்ல, அஞ்சாவே கொண்டாறேன்.